ஒத்துக்காத ஊசி

எனக்கென்று ஓர் ஆஸ்பத்திரி கிடையாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு என்று இந்தப் பக்கத்துச் சின்ன நர்சிங் ஹோம்களில் எங்கே ஆபரேஷன் இருக்கிறதோ அங்கே போய் மயக்க மருந்து கொடுத்துவிட்டு வருவேன். காரின் பின் இருக்கையில் என் பெட்டி எப்போதும் தயாராக இருக்கும். ஃபோன் வரும், போவேன், மயக்குவேன், தெளியவைப்பேன், அடுத்த ஊருக்குக் கிளம்புவேன். ஜனங்கள் எங்களுக்கு வைத்திருக்கிற பெயர் மயக்க டாக்டர். கேட்டால் பிள்ளை பிடிக்கிற கும்பல் மாதிரி இருக்கும். ஆனால் மரியாதையாகத்தான் சொல்கிறார்கள்.

ஆபரேஷன் செய்தவரின் பெயரைப் பேரப்பிள்ளைகள் வரைக்கும் சொல்லி வைப்பார்கள். மயக்கம் கொடுத்தவரின் முகம்கூட ஞாபகம் இருக்காது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெரும்பாலான நோயாளிகளை நானும் முதன்முதலாகப் பார்ப்பது அவர்கள் டேபிளில் படுத்த பிறகுதான். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், பல் ஏதாவது ஆடுகிறதா, முன்னால் ஆபரேஷன் ஆகியிருக்கிறதா. இவ்வளவுதான் எங்கள் அறிமுகம்.

உண்மையில் நான் ஆளைத் தூங்கவைப்பது கம்மி. பாதி நாளுக்கு மேல் ஓர் இடத்தை மட்டும் மரத்துப்போக வைக்கிற வேலைதான். ஷூ கம்பெனியில் மிஷின் ஊசி விரலில் ஏறியவர்கள், தோல் ஷெட்டில் பிளேடு கிழித்தவர்கள், பிரசவத்துக்கு வருகிறவர்கள். விரல் என்றால் அதன் அடியில் இரண்டு பக்கமும் ஊசி போட்டால் போதும். பிரசவ ஆபரேஷன் என்றால் முதுகில். எங்கே போட்டாலும் நடப்பது ஒன்றுதான். வலி என்கிற சேதி நரம்பு வழியாகப் போக வேண்டுமானால், அந்த நரம்பின் மேலுறையில் இருக்கிற நுண்ணிய கதவுகள் திறந்து சோடியம் உள்ளே பாய வேண்டும். லிக்னோகெய்ன், புப்பிவகெய்ன் போன்ற மருந்துகள் நரம்புக்குள் நுழைந்து, உட்புறமாக நின்று கதவை அடைத்துக்கொள்ளும். நரம்புக்கு எதுவும் ஆகாது. மருந்து ரத்தத்தில் கலந்து போனதும் கதவு பழையபடி திறக்கும். லிக்னோகெய்ன் சட்டென்று வேலை செய்து சட்டென்று போய்விடும். புப்பிவகெய்ன் மெதுவாக வந்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்கிற விருந்தாளி.

எனக்குக் கோபம் வரவைக்கிற வார்த்தை ஒன்று உண்டு. "ஒத்துக்காது." கத்தரிக்காய் ஒத்துக்காது, ஏசி ஒத்துக்காது, அந்த டாக்டர் மாத்திரை ஒத்துக்காது. அதெல்லாம் அவரவர் பாடு. "மரத்துப் போற ஊசி ஒத்துக்காது" என்று சொல்லும்போதுதான் நான் பெட்டியை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்து விசாரிக்க வேண்டியிருக்கிறது. இந்த வகை மருந்துகளுக்கு நிஜமான அலர்ஜி மிக மிக அபூர்வம். விசாரித்தால் பெரும்பாலும் வேறு ஏதாவதுதான் வெளியே வரும். மருந்தோடு அட்ரினலின் கலந்திருக்கும், நெஞ்சு படபடவென்று அடித்திருக்கும். அளவு மீறிப் போட்டிருப்பார்கள், அல்லது மருந்து நேராக ரத்தக் குழாயில் ஏறியிருக்கும். அப்போது உதட்டைச் சுற்றி ஜிவ்வென்று இழுக்கும், வாயில் இரும்பு ருசி தட்டும், காதில் இரைச்சல் கேட்கும், அதற்கு மேல் போனால் வலிப்பு வரும், இதயமே நின்றும் போகும். அது அலர்ஜி அல்ல, விஷம் ஏறுவது. அதற்குப் பால் மாதிரி வெள்ளையாக ஒரு கொழுப்புக் கரைசல் இருக்கிறது. என் பெட்டியில் ஒரு பாட்டில் எப்போதும் உண்டு. மற்றதெல்லாம் பயம். ஊசியைப் பார்த்ததும் வருகிற வெறும் பயம்.

சில வருடங்களுக்கு முன்னால் ஆம்பூரில் ஒரு பிரசவ டாக்டர் எனக்கு ஃபோன் செய்தார். அவரோடு எனக்கு நல்ல பழக்கம்.

"அடுத்த மாசம் ஒரு சிசேரியன் இருக்கு. ரெண்டாவது சிசேரியன். மரத்துப் போற மருந்து அலர்ஜி. முழு மயக்கம்தான் குடுக்கணும். முன்னாடியே ஒரு தடவை பாத்துடறீங்களா?"

முன்னாடியே பார்ப்பது எங்கள் தொழிலில் ஆடம்பரம். அன்று மத்தியானமே போனேன்.

நர்சிங் ஹோமின் மாடி அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். வயிற்றில் பிள்ளையோடு அந்தப் பெண், பக்கத்தில் அவள் அம்மா, சுவரோரம் கணவன். வீட்டில் உருதும் தமிழும் கலந்து பேசுகிறவர்கள். கணவன் தோல் பதனிடும் கம்பெனியில், தோலை ரசாயனத்தில் போட்டுச் சுழற்றுகிற டிரம் செக்ஷனைப் பார்த்துக்கொள்கிறவர். நான் உட்காருவதற்குள் அம்மாதான் ஆரம்பித்தார்.

"இவளுக்கு மரத்துப் போற ஊசி ஆவாது டாக்டரம்மா. உசுரு போய்ட்டு வந்துச்சு. முழுசா மயக்கிடுங்க."

"எப்ப ஆச்சு?"

"கல்யாணத்துக்கு முன்னாடி. பல்லு புடுங்கப் போனப்ப."

நான் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தேன். அந்தப் பெண் குறுக்கே பேசினாள். குரல் சின்னதாக இருந்தது, ஆனால் யோசித்து வைத்திருந்த பேச்சு என்று தெரிந்தது.

"மேடம், எனக்கு முழிச்சிருக்கணும்."

"அத எதுக்கு இப்ப," என்றார் அம்மா.

"சொல்லிடறேன்மா. மேடம், மொதல்லது பொண்ணு. முழு மயக்கம் குடுத்து எடுத்தாங்க. எடுத்ததும் மூச்சு செரியில்லன்னு ஆம்புலன்ஸ்ல வேலூருக்குக் கொண்டுபோய்ட்டாங்க. நான் கண்ண முழிக்கறதுக்குள்ள போய்ட்டா. தையலோட நான் இங்க படுத்துக் கெடந்தேன், அங்கேருந்து அப்படியே கொண்டுபோய் அடக்கம் பண்ணிட்டாங்க. நான் பாக்கவேயில்ல. உசுரோடவும் பாக்கல, அப்புறமும் பாக்கல. இத நான் பாக்கணும்."

கணவன் தரையைப் பார்த்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தக் குழந்தை போனதற்கு மயக்க மருந்து காரணமில்லை, அதன் இதயத்திலேயே பிறவிக் கோளாறு என்று பிரசவ டாக்டர் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். ஆனால் இவள் பார்க்காமல் போனதற்கு அந்த மயக்கம்தான் காரணம். அந்த மயக்கத்துக்குக் காரணம் ஒரு பல். எனக்கு அந்த 'ஒத்துக்காது' மேல் வழக்கத்தைவிட ஜாஸ்தி கோபம் வந்தது.

"பல் விஷயத்தை முதல்லேருந்து சொல்லுங்க," என்றேன் அவளிடம். "ஊசி போட்டு எவ்வளவு நேரம் கழிச்சு மயக்கம் வந்துச்சு?"

"போட்ட ஒடனே."

"உடம்புல தடிப்பு, அரிப்பு, முகம் வீக்கம்?"

"முகம் ஏற்கெனவே வீங்கித்தான் இருந்துச்சு. கீழ்க் கடவாப்பல்லுல சீழு. வேற ஒண்ணும் இல்ல."

"அன்னிக்கு என்ன சாப்பிட்டிருந்தீங்க?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது.

"நோன்பு மேடம். வலியில ராத்திரி நோன்பு திறந்தப்பவும் சரியா சாப்பிடல. விடியக்காலம் சஹர் சாப்பாட்டுக்கும் எழுப்புனாங்க, வாயத் தொறக்க முடியல, தண்ணி மட்டும் ரெண்டு வாய் குடிச்சேன். சாயங்காலம் போனோம்."

இந்த ஊர் வெயிலில், வெறும் வயிற்றோடு, பல்வலியோடு, தாகத்தோடு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஊசியைப் பார்த்திருக்கிறாள். நல்ல திடகாத்திரமான ஆளே சாய்ந்துவிடுவான். நோன்பில் மருத்துவரிடம் போகிறவர்களை இந்த ஊரில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள், அது அவர்களுக்கும் ஆண்டவனுக்கும் நடுவிலுள்ள விஷயம். கேட்க நமக்குத் தோன்ற வேண்டும்.

"இன்னும் ஒரே ஒரு கேள்வி. தெளிஞ்சு எழுந்ததும் உதடு மரத்திருந்துதா? அந்தப் பக்கம் தடிச்சுப்போன மாதிரி?"

யோசித்தாள். நாக்கால் கீழ் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"இல்ல மேடம். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் வலிதான் இருந்துச்சு."

கீழ்ப் பல்லுக்கு ஊசியைத் தாடையின் பின்பக்கம் போடுவார்கள். மருந்து போயிருந்தால் உதடு மரத்தே தீர வேண்டும். ஊசி குத்தியதும் இவள் சாய்ந்திருக்கிறாள், மருந்தை உள்ளே தள்ளுவதற்கு முன்பே பல் டாக்டர் ஊசியை எடுத்திருக்கிறார். அதாவது, ஒத்துக்காது என்று இவ்வளவு நாள் சொல்லிக்கொண்டிருந்த மருந்து இவள் உடம்புக்குள் போகவே இல்லை. நான் அதைச் சொன்னேன்.

கணவன் நிமிர்ந்தார். "மேடம், சீழ் இருந்தா மருந்து போட்டாலும் மரத்துப் போகாதுன்னு சொல்றாங்களே?"

நியாயமான கேள்வி. "சரிதான். சீழ் பிடிச்ச இடத்துல ஆசிட் தன்மை ஜாஸ்தி. அதுல இந்த மருந்து நரம்புக்குள்ள நுழையாது."

"பிஹெச் இறங்கிட்டா உள்ள போகாதா? எங்களுக்கு உல்டா மேடம். பிஹெச் இறக்கினாதான் பதப்படுத்தற குரோம் உப்பு தோலுக்குள்ள போகும். அப்புறம் ஏத்தினா உள்ளயே புடிச்சுக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்லூரியில் நாங்கள் மாதக்கணக்கில் உருப்போட்ட சமாச்சாரத்தை டிரம்முக்கு முன்னால் தினமும் செய்துகொண்டிருக்கிறார். "ஆனா ஊசி போடற இடம் சீழ்லேருந்து தள்ளி இருக்கு. பல் மரத்திருக்காது, உதடு மரத்திருக்கணும். இருந்தாலும் நான் என் பேச்சை மட்டும் நம்பி முதுகுல ஊசி போட மாட்டேன். டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்."

டெஸ்ட் என்றதும் அம்மா எழுந்துவிட்டார்.

"வயித்துல புள்ளய வெச்சிட்டு டெஸ்ட்டா? நான் பாத்தேன் டாக்டரம்மா. நீங்க பாக்கல. கண்ணு மேல போய்டுச்சு. கை ரெண்டும் வெட்டி வெட்டி இழுத்துச்சு. நான்தான் நாற்காலியோட சேத்துக் கெட்டியா புடிச்சிட்டிருந்தேன், கீழ விழாம."

மயங்கியவரைப் படுக்கவைக்க வேண்டும். உட்காரவைத்தே பிடித்துக்கொண்டால் மூளைக்கு ரத்தம் போகாமல் கைகால் இழுக்கும். பார்க்கிறவர்கள் வலிப்பு என்று நினைத்துவிடுவார்கள். அதை மட்டும் நான் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. தாய் பிள்ளையைக் கெட்டியாகப் பிடித்ததில் குற்றம் கண்டுபிடித்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

பிரசவ டாக்டருக்கும் தயக்கம்தான். கீழே வந்ததும், "எதுக்கு வம்பு? முழு மயக்கம் குடுத்துட்டுப் போய்டலாமே," என்றார். முழு மயக்கம் கெட்டதென்று நான் சொல்ல மாட்டேன், தேவைப்படும்போது தயங்காமல் கொடுத்திருக்கிறேன். ஆனால் நிறைமாதத்தில் தொண்டை வீங்கியிருக்கும், குழாய் போடுவது சிரமம், வயிற்றிலிருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும். முதுகு ஊசிதான் அவளுக்குப் பத்திரம். இதையெல்லாம் சொன்னேன். எல்லாம் உண்மை. ஆனால் என் மனதில் இருந்தது இதுவல்ல. அவள் அந்தக் குழந்தையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மகளின் பிடிவாதத்தில் கடைசியில் எல்லோரும் சம்மதித்தார்கள். டெஸ்ட்டை வார்டில் வைத்துச் செய்கிற வழக்கம் நம் ஊரில் உண்டு. முன்கையில் சின்னதாகப் போட்டு, பேனாவால் வட்டம் போட்டு, போய் டீ குடித்துவிட்டு வருவார்கள். நிஜமாகவே அலர்ஜி என்றால் அந்த டீ ஆறுவதற்குள் ஆள் இருக்க மாட்டார். நான் ஆபரேஷன் தியேட்டரிலேயே வைத்துக்கொண்டேன். இதயத்துடிப்பு மானிட்டர், ஆக்சிஜன், கையில் ஒரு ஊசி லைன், அலர்ஜி வந்தால் உடனே போட சிரிஞ்சில் நிரப்பிய அட்ரினலின். சில பாட்டில்களில் கெடாமல் இருக்கச் சேர்க்கிற மருந்துகூட அரிப்பைக் கிளப்பும், அதனால் அது சேர்க்காத மருந்தாகக் கொண்டுவந்திருந்தேன். வயிறு நிறையச் சாப்பிடச் சொல்லியிருந்தேன். இட்லி சாப்பிட்டேன் என்றாள். அம்மாவை வெளியே உட்காரச் சொன்னால் இன்னும் பயப்படுவார் என்று உள்ளேயே ஸ்டூல் போட்டு உட்காரவைத்தேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. சின்ன ஊர். ஏதாவது ஆகிவிட்டால் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்த நர்சிங் ஹோம் வாசலையும் மிதிக்க முடியாது.

முதல் துளியைத் தோலுக்கடியில் போட்டேன். அவள் முகம் வெளுத்தது. நெற்றியில் வியர்வை பூத்தது. "மேடம், என்னமோ பண்ணுது," என்றாள். மானிட்டரில் துடிப்பு மடமடவென்று இறங்கியது.

"பாத்தீங்களா! சொன்னேன்ல!" என்று அம்மா அலறினார்.

இடது பக்கம் திருப்பிப் படுக்கவைத்தேன். நர்ஸ் கால்களைத் தூக்கிப் பிடித்தாள். அலர்ஜி என்றால் துடிப்பு ஏறும், தோல் சிவக்கும், மூச்சு இழுக்கும். இவளுக்குத் துடிப்பு இறங்குகிறது, தோல் காகிதம் மாதிரி வெள்ளையாக இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் கன்னத்தில் ரத்தம் திரும்பியது. கண்ணைத் திறந்து, "போய்டுச்சு," என்றாள்.

நான் அந்த அம்மாவின் பக்கம் திரும்பி, சற்றுமுன் போட்டதன் பாட்டிலை அவர் கையில் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னா? சலைன் தானே இது?"

"வெறும் உப்புத் தண்ணி. மருந்து இன்னும் போடவே இல்ல. முதல்ல இதைத்தான் போடுவோம், ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு."

"அப்ப இதுக்கா மயங்குனா?"

"ஊசிக்கு மயங்கினாங்க. மருந்துக்கு இல்ல."

அவர் மகளைப் பார்த்தார். மகள் வெட்கத்தோடு சிரித்தாள். "எல்லாம் நோன்புல வந்த வெனை," என்றார் அம்மா, யாரிடம் என்றில்லாமல். அப்புறம் ஸ்டூலை இழுத்து மகளின் தலைமாட்டில் போட்டுக்கொண்டு, அவள் கண்ணைக் கையால் மூடி, "நீ பாக்காத. டாக்டரம்மா, போடுங்க," என்றார்.

அன்று அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு தடவையும் காத்திருந்து, லிக்னோகெய்ன், புப்பிவகெய்ன் இரண்டையும் போட்டுப் பார்த்தேன். ஒரு தடிப்பில்லை, ஓர் அரிப்பில்லை. போட்ட இடத்தை நகத்தால் கிள்ளிப் பார்த்து, "இங்க தெரியவே மாட்டேங்குதே!" என்று அவள் ஆச்சரியப்பட்டாள்.

ஆபரேஷன் அன்று அவளை உட்காரவைத்து ஊசி போடவில்லை. உட்கார்ந்தால் சாய்கிற ஆள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கச் சொல்லி, முதலில் தோலை மரக்கவைத்துவிட்டுப் பிறகு முதுகெலும்பின் இடைவெளியில் போட்டேன். அதற்கென்று இருக்கிற புப்பிவகெய்னில் சர்க்கரை கலந்திருக்கும். முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள நீரைவிட அது கனம், தாழ்வான பக்கம் இறங்கும். டேபிளைக் கொஞ்சம் சாய்த்தால் மருந்து எங்கே போக வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யலாம். முதலில் போவது சூடு குளிர் தெரிகிற உணர்வு. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் காலிலிருந்து மேலே தொட்டுக்கொண்டே வந்தேன். "ஜில்லுனு இருக்கா?" "இல்ல." "இங்க?" "இல்ல." மார்புக்கருகில் வந்ததும், "ஆ, இங்க ஜில்லுனு இருக்கு," என்றாள். போதும்.

உடனே ரத்த அழுத்தம் இறங்கியது. அது எதிர்பார்த்ததுதான். "வயித்தப் பொரட்டுது மேடம்," என்றாள். மருந்து கொடுத்தேன், சரியாயிற்று.

"எப்ப ஆரம்பிப்பாங்க?"

"ஆரம்பிச்சு ரொம்ப நேரம் ஆச்சு."

வயிற்றை மறைத்துக் கட்டியிருந்த திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிரசவ டாக்டர் சிரித்தார். பிறகு வயிற்றை அழுத்தித் தள்ளினார்கள். "இழுக்கறது தெரியும், வலி தெரியாது," என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுகை கேட்டது. ஆண் குழந்தை. துடைத்து, அவள் முகத்துக்கருகில் கொண்டுவந்தார்கள். எல்லோரும் அந்த நேரத்தில் அழுவார்கள், அல்லது சிரிப்பார்கள். அவள் இரண்டும் செய்யவில்லை. பார்த்தாள். கண்ணை எடுக்காமல், இமைக்கக்கூட மறந்து பார்த்தாள். எடைபோட வேண்டும் என்று நர்ஸ் எடுக்கப் போனாள். "இருங்க, இருங்க," என்றாள். நான் நர்ஸை இருக்கச் சொன்னேன். எடை எங்கேயும் ஓடிப்போகாது.

எல்லாம் முடிந்து அவளை அறைக்கு மாற்றிய பிறகு, கால் அசைகிறதா என்று பார்ப்பதற்காக மாடிக்குப் போனேன். குழந்தை அவள் தோளோரம் தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தார். நான் போர்வையை விலக்கி, "கட்டை விரலை அசைங்க," என்றேன். லேசாக அசைந்தது.

அவள் என்னைக் கவனிக்கவில்லை. குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தவள், அம்மாவிடம் கேட்டாள்.

"அம்மா, அவளும் இப்படித்தான் இருந்தாளா?"

அந்த வீட்டில் இந்தப் பேச்சு நடந்ததே இல்லை என்பது அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. வழக்கம்போல் பேச்சை வெட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஆம்புலன்ஸில் அந்தக் குழந்தையோடு போனவர் அவர்தான்.

"இல்லமா," என்றார். "அவளுக்கு முடி ஜாஸ்தி. காதுமேல வந்து விழுந்துச்சு. வெரல் நீளம் நீளமா இருக்கும். நான் கைய வெச்சேன், கெட்டியா புடிச்சிட்டா. வேலூர் வர்ற வரைக்கும் விடல."

அவர் அழுதுகொண்டிருந்தார். மகள் அழவில்லை. ஒரு கையைக் குழந்தையின் மேலிருந்து எடுக்காமல், இன்னொரு கையால் அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் சொல்லும்மா," என்றாள்.